ஆங்கில ஒழுங்கற்ற வினைச்சொற்களின் வரலாறு

ஆங்கிலத்தில் இறந்தகாலம் காட்ட 'ஈ-டி' என்ற விகுதியைப் பெறும் வினைச்சொற்கள் ஒழுங்கு வினைகள் எனப்படும். அவ்விகுதியைப் பெறாமலோ, அடையாளம் தெரியாத அளவுக்குத் திரிந்த வடிவில் பெற்றோ இறந்தகாலம் காட்டுபவை ஒழுங்கற்ற வினைகள் எனப்படும். 'வாக்' (நட) என்பது 'வாக்ட்' ஆவது முதல் வகை. 'சிங்' (பாடு) என்பது 'சேங்', 'சங்' என ஆவது இரண்டாம் வகை. ஆங்கிலத்தின் பல்லாயிரம் வினைச்சொற்களில் ஒழுங்கற்றவை ஏறத்தாழ 200 மட்டுமே. ஆனால் அம்மொழியில் மிக அதிகமாகப் பயன்படும் பத்து வினைகளை எடுத்துக்கொண்டால் பத்தும் ஒழுங்கற்றவையே. இரு, செய், சொல், போ, வா, எடு, பார் எனப் பொருள்படும் ஆங்கில வினைகளில் ஒன்றுகூட 'ஈ-டி' விதிக்கு அடங்குவதில்லை.

பள்ளிகளில் இவ்வினைகள் நிகழ்காலம், இறந்தகாலம், இறந்தகால எச்சம் என மூன்று பத்திகளாக எழுதி மனப்பாடம் செய்யப்படுகின்றன. ஏன் இப்படி என்று கேட்கும் மாணவருக்கு "அது விதிவிலக்கு" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். வரலாற்றைப் பார்த்தால் இந்த விடை தலைகீழானது. இவற்றில் பெரும்பகுதி பழைய விதிகளின்படி அமைந்தவை. இன்று விதி எனக் கொள்ளப்படும் 'ஈ-டி' தான் பின்னால் வந்து சேர்ந்தது.

உயிரொலி மாற்றம் என்னும் பழைய விதி

ஆங்கிலம் ஜெர்மானிய மொழிக் கிளையைச் சேர்ந்தது. ஜெர்மன், டச்சு, சுவீடிய மொழிகள் அதன் உறவுகள். இக்கிளையும் சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவையும் மூல இந்தோ-ஐரோப்பிய மொழி எனப்படும், எழுத்துச் சான்று இல்லாத ஒரு பழைய மொழியிலிருந்து பிறந்தவை என்பது மொழியியலார் முடிவு. அம்மொழியில் வேர்ச்சொல்லின் மெய்கள் அப்படியே நிற்க, நடுவிலுள்ள உயிர் மட்டும் எகரமாகவும் ஒகரமாகவும் மாறும். சில இடங்களில் மறைந்தும் போகும். தமிழில் வழங்கும் வடசொற்களிலேயே இதன் சாயலைக் காணலாம். வித்தை, வேதம் இரண்டும் அறிதலைக் குறிக்கும் 'வித்' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒன்றில் இகரம், மற்றதில் ஏகாரம். அறிவைக் குறிக்கும் 'விட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரைச் சேர்ந்ததே.

ஜெர்மானிய மொழிகள் இந்த உயிரொலி மாற்றத்தை இறந்தகாலம் காட்டும் கருவியாக ஒழுங்குபடுத்திக்கொண்டன. ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இத்தகைய வினைகள் 300க்கும் மேல் இருந்தன. அவை ஏழு வகுப்புகளாக அமைந்தன. வேரின் உயிரையும் அதையடுத்து வரும் மெய்யையும் பார்த்து, ஒரு வினை எந்த வகுப்பைச் சேர்ந்தது, அதன் இறந்தகாலம் எப்படி அமையும் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். இது ஒழுங்கின்மை அன்று. சற்றுச் சிக்கலான ஒழுங்கு, அவ்வளவே.

அக்காலத்தில் ஒவ்வொரு வினைக்கும் மூன்றல்ல, நான்கு வடிவங்கள் இருந்தன. இறந்தகாலத்தில் ஒருமைக்கு ஓர் உயிர், பன்மைக்கு வேறோர் உயிர். பாடுதலைக் குறித்த வினை 'சிங்கன், சங், சுங்கொன், சுங்கென்' என வரும். நான் பாடினேன் என்பதற்குச் 'சங்', நாங்கள் பாடினோம் என்பதற்குச் 'சுங்கொன்'. பின்னாளில் ஒருமை பன்மை வேறுபாடு மறைந்தபோது இரண்டில் ஒன்று மட்டும் நிலைத்தது. எது நிலைப்பது என்பதில் எல்லா வினைகளும் ஒரே வழியில் செல்லவில்லை. 'சிங்' ஒருமை வடிவத்தை வைத்துக்கொண்டு 'சேங்' ஆனது. அதே வகுப்பைச் சேர்ந்த 'ஃபைண்ட்' (கண்டுபிடி), 'பைண்ட்' (கட்டு) ஆகியவை பன்மையின் உயிரை வைத்துக்கொண்டு 'ஃபவுண்ட்', 'பவுண்ட்' ஆயின. ஒரே வகுப்புத் தோழர்கள் இன்று உறவே இல்லாதவை போல் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் பழைய ஒருமை பன்மை வேறுபாட்டை இன்றும் விடாமல் வைத்திருக்கும் வினை ஒன்றே ஒன்றுதான். அது இருத்தலைக் குறிக்கும் வினை. ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்'. ஒன்றில் சகரமும் மற்றதில் ரகரமும் வருவதற்கும் காரணம் உண்டு. மூல மொழியில் அழுத்தம் விழுந்த இடத்தைப் பொறுத்துச் சில மெய்கள் இருவழிப்பட்டன. அதனால் சகரம் ஓரிடத்தில் அப்படியே நின்றது. மற்றோரிடத்தில் குரலொலி பெற்றுப் பின்னர் ரகரமானது. 19ஆம் நூற்றாண்டின் டென்மார்க் மொழியியலார் கார்ல் வெர்னர் கண்டறிந்த இந்த விதி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆரம்ப வகுப்பில் காரணம் தெரியாமல் எழுதிப் பழகும் 'வாஸ்', 'வேர்' என்ற இரு சொற்களுக்குள் பழைய மொழியின் அழுத்த முறையே பதிந்திருக்கிறது.

'ஈ-டி' வந்த வழி

பிற மொழியிலிருந்து பெற்ற வினைகளும், பெயர்ச்சொல்லிலிருந்து ஆக்கிய புதிய வினைகளும் உயிரொலி மாற்ற வகுப்புகளுக்குள் எளிதில் அடங்கவில்லை. அவற்றுக்கு ஜெர்மானிய மொழிகள் ஒரு புதுவழி கண்டன. சொல்லின் இறுதியில் பல்லொலி கொண்ட ஒரு விகுதியைச் சேர்ப்பதே அவ்வழி. இந்த விகுதி 'செய்' என்னும் பொருளுடைய வினையின் இறந்தகால வடிவத்திலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா காதிக் மொழியில் செய்த விவிலிய மொழிபெயர்ப்பு இதற்கு முக்கியச் சான்று. அதில் இவ்விகுதியின் பன்மை வடிவம் நீளமாக, ஒரு தனி வினையின் சாயலோடு காணப்படுகிறது.

தமிழருக்கு இது புதிதன்று. 'போன் செய்தான்', 'டைப் பண்ணினாள்' என அயற்சொல்லோடு நமது வினையைச் சேர்த்துக் காலம் காட்டுவது போன்றதே அது. நாளடைவில் அந்தச் 'செய்தான்' தேய்ந்து சொல்லோடு ஒட்டிவிட்டதாகக் கற்பனை செய்தால் 'ஈ-டி' விகுதியின் பிறப்பு விளங்கிவிடும்.

இவ்விரு வகைகளுக்கும் இன்று வழங்கும் மொழியியல் பெயர்களைத் தந்தவர் ஜெர்மானிய அறிஞர் யாக்கோபு கிரிம். தம்பியுடன் சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம் இவர். 1819இல் முதற்பாகம் வெளிவந்த இவரது ஜெர்மானிய இலக்கண நூல், உயிரொலி மாற்றத்தால் காலம் காட்டுபவற்றை வல்வினைகள் என்றும் விகுதியால் காட்டுபவற்றை மெல்வினைகள் என்றும் பிரித்தது. வெளித்துணை இன்றித் தன் உள்வலிமையால் காலம் காட்டுவது வல்வினை. விகுதியின் துணை வேண்டுவது மெல்வினை. (தமிழில் முன்வினைப் பயனைக் குறிக்கும் 'வல்வினை'க்கும் இதற்கும் தொடர்பில்லை. மனப்பாடம் செய்யும் மாணவர் இரண்டும் ஒன்றே என்று கருதினால் அவரைக் குறைசொல்ல முடியாது.)

வல்வினைகளின் சரிவு

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றது. ஆங்கிலம் பெரும்பாலும் பேச்சு வழக்காக நின்றது. எழுத்து மரபின் கட்டுப்பாடு தளர்ந்த அக்காலத்தில் ஆங்கிலத்தின் விகுதிகள் பல தேய்ந்தன. பிரெஞ்சிலிருந்து வந்து குவிந்த வினைகள் ஏறத்தாழ எல்லாமே 'ஈ-டி' பக்கம் சேர்ந்தன. மெல்வினைகளின் கூட்டம் பெருகப் பெருக, வல்வினைகள் சிறுபான்மையாயின. பல வழக்கொழிந்தன, பல கட்சி மாறின.

கட்சி மாறியவற்றின் பெயர்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். உதவுதலைக் குறிக்கும் 'ஹெல்ப்', கழுவுதலைக் குறிக்கும் 'வாஷ்', சிரித்தலைக் குறிக்கும் 'லாஃப்', ஏறுதலைக் குறிக்கும் 'கிளைம்ப்' ஆகிய யாவும் ஒரு காலத்தில் வல்வினைகள். ஒழுங்கு வினைக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் முதலில் காட்டும் 'வாக்' என்ற வினையும் பழைய ஆங்கிலத்தில் வல்வினையே. அப்போது அதற்கு 'உருள்' என்பது போன்ற பொருள் இருந்தது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் 'ஹெல்ப்' வினையின் எச்சம் 'ஹோல்பன்' எனவே வருகிறது. இன்று ஒரு மாணவர் விடைத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

வினையாக மறைந்த வடிவங்கள் சில, பெயரடையாக ஒளிந்து வாழ்கின்றன. உருகுதலைக் குறிக்கும் 'மெல்ட்' இன்று ஒழுங்கு வினை. ஆனால் உருகிய இரும்பைச் சொல்லும்போது 'மோல்டன்' என்ற பழைய எச்சமே வரும். மூழ்கிய கப்பலுக்குச் 'சங்கன்', குடிபோதையில் இருப்பவருக்கு 'ட்ரங்கன்' என்பவையும் இப்படி நின்றவையே.

மெல்வினைகளே வழி தவறியபோது

பள்ளிப் பட்டியலில் உள்ள ஒழுங்கற்ற வினைகள் அனைத்தும் வல்வினைகளின் எச்சங்கள் அல்ல. கணிசமான பகுதி, விகுதி பெற்ற மெல்வினைகளே. ஒலி மாற்றங்கள் விகுதியை உருக்குலைத்ததால் அவை பட்டியலுக்குள் வந்துவிட்டன.

'கீப்' (வைத்திரு) என்பது 'கெப்ட்' ஆவதைப் பார்க்கலாம். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில் நெட்டுயிர் குறுகும் வழக்கம் ஆங்கிலத்தில் ஏற்பட்டது. அதனால் விகுதி சேர்ந்த வடிவத்தில் ஏகாரம் எகரமாகக் குறுகியது. விகுதி சேராத வடிவத்தில் நெடிலாகவே நின்றது. பிறகு 15ஆம் நூற்றாண்டு அளவில் தொடங்கிய நெட்டுயிர்ப் பெயர்ச்சியில் அந்த ஏகாரம் ஈகாரமாகிவிட்டது. 'கெப்ட்' வடிவத்தின் குறிலை அப்பெயர்ச்சி தொடவில்லை. 'ஃபீல்' (உணர்), 'மீட்' (சந்தி) ஆகியவற்றின் கதையும் இதுவே.

'புட்' (வை), 'கட்' (வெட்டு), 'ஷட்' (மூடு), 'செட்' (அமை) ஆகியவை மூன்று பத்தியிலும் மாறாமல் நிற்பதற்குக் காரணம் இன்னும் எளிது. டகர ஒலியில் முடியும் சொல்லோடு டகர விகுதி சேர்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. இறுதி உயிர் உதிர்ந்ததும் வேறுபாடு காட்ட எதுவும் மிஞ்சவில்லை.

'சீக்' (தேடு) என்பது 'சாட்' ஆவதுதான் மாணவரை மிகவும் திகைக்க வைப்பது. இங்கே மாறியது இறந்தகாலம் அன்று, நிகழ்காலம். தேடுதலைக் குறித்த பழைய வினையின் உயிர் ஓகாரம். நிகழ்கால வடிவத்தில் அதையடுத்து ஒரு யகர ஒலி இருந்தது; அது ஓகாரத்தை ஏகாரமாக இழுத்தது. பேச்சுத் தமிழில் 'இலை' என்பது 'எலை' என்றும் 'குடை' என்பது 'கொடை' என்றும் ஒலிப்பது போல, பின்வரும் ஒலி முன்னுள்ள உயிரைத் தன் பக்கம் இழுப்பது மொழிகளில் இயல்பு. இறந்தகாலத்தில் அந்த யகரம் இல்லாததால் பழைய உயிர் தப்பியது. 'டெல்' (சொல்) – 'டோல்ட்', 'செல்' (விற்பனை செய்) – 'சோல்ட்' ஆகியவற்றிலும் இறந்தகாலமே பழைய உயிரின் வழிவந்தது. 'திங்க்' (நினை) என்பது 'தாட்' ஆகும்போது மூக்கொலியும் போய்விடுகிறது. அடிநாக்கில் பிறக்கும் ஓர் உரசொலிக்கு முன் மூக்கொலி கெடுவது பழைய ஜெர்மானிய வழக்கம். அந்த உரசொலி பிற்காலத்தில் ஆங்கிலப் பேச்சிலிருந்து மறைந்தாலும் எழுத்தில் 'ஜி-எச்' என்ற இரண்டு ஊமை எழுத்துகளாக இன்றும் நிற்கிறது.

வேறு வேர் கலந்தவை

போதலைக் குறிக்கும் 'கோ' வினைக்கு இறந்தகாலம் 'வென்ட்'. இரண்டுக்கும் ஓர் ஒலிகூட ஒற்றுமை இல்லை, ஏனெனில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'வென்ட்' என்பது திரும்பு, வழிச்செல் என்னும் பொருளுடைய 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'செண்ட்' (அனுப்பு) என்பது 'சென்ட்' ஆவது போலவே அதுவும் அமைந்தது. 'கோ' தன் பழைய இறந்தகால வடிவத்தை இழந்தபோது இதைக் கடன் வாங்கிக்கொண்டது. இருத்தல் வினையில் மூன்று தனி வேர்கள் கலந்துள்ளன: 'ஆம்', 'இஸ்' ஒரு வேர், 'பீ', 'பீன்' இன்னொன்று, 'வாஸ்', 'வேர்' மூன்றாவது.

தொங்கவிடுதலைக் குறிக்கும் 'ஹேங்' வினைக்கு 'ஹங்', 'ஹேங்ட்' என இரண்டு இறந்தகாலம் இருப்பதும் இத்தகைய கலப்பே. ஒரு வல்வினையும் ஒரு மெல்வினையும் பிற்காலத்தில் ஒன்றாயின. பொது வழக்கில் வல்வினை வடிவம் வென்றது. பழமை பேணும் சட்ட மொழியில் மட்டும் மெல்வினை வடிவம் தூக்குத் தண்டனைக்கு உரியதாகத் தங்கிவிட்டது.

விகுதியின் ஒலிப்பு

'ஈ-டி' விகுதி இன்று 'ட்' என வல்லோசையாகவும், மென்மையான குரலொலியாகவும், 'வாண்டட்', 'நீடட்' போன்ற சொற்களில் மட்டும் தனி அசையாகவும் ஒலிக்கிறது. முன்பு எல்லாச் சொற்களிலும் அது தனி அசையாகவே ஒலித்தது. அந்த உயிரை விழுங்கி ஒலிக்கும் பழக்கம் பரவியபோது அதை எதிர்த்தவர்களில் ஒருவர், கலிவரின் பயணங்களை எழுதிய ஜொனாதன் சுவிஃப்ட். 1712இல் ஆங்கில மொழியைத் திருத்தி நிலைப்படுத்தக் கோரி அவர் வெளியிட்ட முன்மொழிவில், கவிஞர்கள் இவ்வாறு சொற்களைச் சுருக்குவது காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது என்று குறைப்பட்டார். அவருடைய குரல் எடுபடவில்லை. கற்றறிந்தவர் என்னும் பொருளில் வரும் 'லேர்னெட்', தீயது எனப் பொருள்படும் 'விக்கெட்' போன்ற பெயரடைகளில் மட்டும் பழைய ஒலிப்பு மிஞ்சியுள்ளது. 'லுக்கெட்' என்று வாசித்துத் திட்டு வாங்கும் மாணவர், தம்மை அறியாமலே பழைய ஒலிப்பின் பக்கம் நிற்கிறார்.

பட்டியலாக்கிய இலக்கண ஆசிரியர்கள்

ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதத் தொடங்கியோர் இலத்தீன் இலக்கணத்தில் பயின்றவர்கள். கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணம் இலத்தீன் மொழியிலேயே எழுதப்பட்டது. விகுதி பெறுவதை நெறியாகவும் மற்றவற்றை நெறி பிறழ்ந்தவையாகவும் கொள்ளும் பார்வை இத்தகைய நூல்கள் வழியே நிலைபெற்றது. மொழியின் முந்தைய வரலாறு அப்போது முறையாக ஆராயப்படாததால் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

ராபர்ட் லவுத் 1762இல் எழுதிய சிறு இலக்கணம் இதில் ஒரு திருப்பம். 18ஆம் நூற்றாண்டில் இறந்தகால வடிவத்தையே எச்சத்துக்கும் பயன்படுத்தும் வழக்கம் படித்தவர்களிடமும் இருந்தது. 'ரிட்டன்' என்று வர வேண்டிய இடத்தில் 'ரோட்' என்று எழுதுவது அன்று கல்லாமையின் அடையாளம் அன்று. லவுத் அதைப் பிழை என்றார். மில்டன், போப் போன்ற பெருங்கவிஞர்களின் வரிகளையே பிழைக்கு எடுத்துக்காட்டாக அடிக்குறிப்பில் வைத்தார். தானாகவே மூன்றிலிருந்து இரண்டாகச் சுருங்கிக்கொண்டிருந்த வடிவங்கள் பல, இத்தகைய நூல்களின் துணையோடு மூன்றாகவே நிலைத்தன. மாணவர் சுமக்கும் மூன்றாம் பத்தியில் ஒரு பங்கு லவுத் போன்றோரின் கணக்கில் சேரும்.

அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய லிண்ட்லி மரே 1795இல் வெளியிட்ட இலக்கணம் அவ்வழியில் வந்தது. குவேக்கர் சமயத்தாரின் பெண்கள் பள்ளிக்காக எழுதப்பட்ட அந்நூல் பெரும் எண்ணிக்கையில் விற்பனையானது. அகர வரிசையில், மூன்று பத்திகளில் ஒழுங்கற்ற வினைகளை அடுக்கும் முறை அதில் உண்டு. அகர வரிசை தேடுவதற்கு வசதியானது; ஆனால் ஒரே வகுப்பைச் சேர்ந்த வினைகளைப் பிரித்துச் சிதறடித்துவிடுகிறது. இந்திய மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான ரென், மார்ட்டின் இருவரின் நூல் வல்வினை, மெல்வினை என்ற பிரிவைப் பின்பற்றியது. இப்போதைய பாடநூல்கள் பலவற்றில் அப்பிரிவு இல்லை. அதைக் கைவிட்டது இழப்பே என்று சொல்ல இடமுண்டு. 'டிரைவ், டிரோவ், டிரிவன்' என்ற வரிசையைக் கற்றவருக்கு 'ரைஸ், ரோஸ், ரிசன்' என்பது புதுப்பாடம் அன்று. 'ஸ்விம்', 'பிகின்', 'ரிங்' மூன்றையும் ஒன்றாக வைத்தால் ஒன்றின் உயிரே மற்றவற்றுக்கும் வழிகாட்டும்.

பயன்பாடே காவல்

எந்த வினைகள் தப்பின, எவை விழுந்தன என்பதற்கு அடிக்கடி புழங்குவதே முக்கியக் காரணம். அடிக்கடி காதில் விழும் வடிவத்தைக் குழந்தை அப்படியே பிடித்துக்கொள்கிறது. அரிதாக வரும் வினையின் பழைய வடிவம் நினைவுக்கு வராதபோது பொது விகுதியைச் சேர்த்துவிடுகிறது. தமிழிலும் இதைக் காணலாம். த், ட், ற், இன் என நன்னூல் கூறும் இறந்தகால இடைநிலைகள் பகுதியைப் பொறுத்து வருபவை. பகுதியே திரிந்து நிற்கும் வா – வந்தான், தா – தந்தான், காண் – கண்டான் போன்றவை நாள்தோறும் புழங்கும் சொற்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் 'நேச்சர்' இதழில் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட 177 பழைய ஆங்கில வினைகளில் 145 இடைக்கால ஆங்கிலத்திலும் 98 இன்றைய ஆங்கிலத்திலும் ஒழுங்கற்றவையாக இருந்தன. ஒன்றைவிட நூறு மடங்கு குறைவாகப் பயன்படும் வினை, அதைவிடப் பத்து மடங்கு வேகமாக ஒழுங்கு வினையாக மாறுகிறது என்பது அவர்கள் கண்ட விகிதம். அடுத்து மாறக்கூடியது மணம் புரிதலைக் குறிக்கும் 'வெட்' என்ற வினை என்றும் அவர்கள் கணித்தனர்.

ஆங்கிலக் குழந்தைகள் முதலில் 'வென்ட்' என்று சரியாகச் சொல்வார்கள். சில மாதங்கள் கழித்து 'கோட்' என விகுதி சேர்த்துச் சொல்லத் தொடங்குவார்கள். விதியை அவர்கள் கண்டுகொண்டதன் அடையாளம் அது. 1958இல் ஜீன் பெர்கோ என்ற உளவியலார் பொருளற்ற புதுச்சொற்களைக் குழந்தைகளிடம் கொடுத்துச் சோதித்தார். அவர்கள் கேட்டறியாத வினைகளுக்கும் 'ஈ-டி' ஒலியைச் சேர்த்தனர். 'கிளிங்' போன்ற சொல்லைக் கேட்ட பெரியவர்களில் பலரோ 'கிளேங்', 'கிளங்' என்றனர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய 'சிங்கன்' வகுப்பு அவர்கள் மனத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எதிர்த்திசையில் சென்றவை

அதனால்தான் ஒழுங்கு வினைகள் ஒழுங்கற்றவையாக மாறுவதும் நடந்திருக்கிறது. அணிதலைக் குறிக்கும் 'வேர்' பழைய ஆங்கிலத்தில் மெல்வினை. 'பேர்' (சும), 'ஸ்வேர்' (சூளுரை) ஆகியவற்றின் சாயலில் 'வோர்', 'வார்ன்' ஆனது. தோண்டுதலைக் குறிக்கும் 'டிக்' வினைக்கு ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் விகுதி பெற்ற வடிவமே உண்டு; 'டக்' பின்னர் நிலைபெற்றது. பிரெஞ்சிலிருந்து வந்த 'ஸ்ட்ரைவ்' (முயல்) 'டிரைவ்' வினையைப் பார்த்து வல்வினையானது. அமெரிக்காவில் பதுங்கிச் செல்லுதலைக் குறிக்கும் 'ஸ்னீக்' வினைக்கு 'ஸ்னக்' என்ற இறந்தகாலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முளைத்தது. கொச்சை என்று ஒதுக்கப்பட்டிருந்த அது இப்போது அகராதிகளில் இடம்பெற்றுவிட்டது.

இவை சில விலக்குகள். இணையத்தில் தேடுவதற்குக் 'கூகுள்', கைப்பேசியில் செய்தி அனுப்புவதற்கு 'டெக்ஸ்ட்' என அண்மையில் பிறந்த வினைகள் 'ஈ-டி' விகுதியையே பெற்றுள்ளன.